உன் அம்மாவின் நோய்க்கு நான் சொன்ன வயது

பாப்பா,

நீ அனுப்பிய கவர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. இன்னும் வரவில்லை என்று நேற்று போனில் நான் சொன்னது பொய். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் டிவி மேல் வைத்தேன், பிறகு பீரோவுக்குள் வைத்தேன், அப்புறம் மறுபடியும் வெளியே எடுத்தேன். நாலு நாளாக அதற்கு இடம் மாற்றுவதுதான் என் வேலை. முப்பத்தொரு வருடம் பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்த மனுசன் நாலு பக்கத் தாளுக்குப் பயந்து கிடக்கிறான் என்று தெரிந்தால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், இந்தக் கடிதத்தில் அதற்கு வேறு இடம் வராது.

முதல் மூன்று பக்கத்தில் எனக்குச் சிக்கல் இல்லை. உன் அம்மாவின் மூக்குக்குப் பின்னால் இருந்த கட்டியிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரியில் பத்திரப்படுத்தியிருக்கும் சதைத்துண்டை உங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சம்மதம். நாலாவது பக்கத்தில்தான் நின்றுவிட்டேன். நோய் வந்த விவரத்தை ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்த்து நீயே நிரப்பி, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுதியிருக்கிறாய். கழுத்தில் வீக்கம் தெரிந்து எத்தனை நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்ற இடத்தில், உன் குண்டு எழுத்தில், இருபது நாள் என்று இருக்கிறது. அது தவறு. நீ செய்த தவறு இல்லை. பதிவில் இருந்ததைத்தான் எழுதியிருக்கிறாய். பதிவில் அப்படி ஏற வைத்தவன் நான். அம்மா செத்ததற்கு நீதான் காரணம் என்று இந்த மூன்று வருடமாக நீ நம்பிக்கொண்டிருப்பதும் அந்த இருபது நாளால்தான். அதைச் சொல்லிவிடத்தான் இன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் உன் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாயே, எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. "அந்தச் சதைய மெழுகுல பொதிஞ்சு வெச்சிருப்பாங்கப்பா. அதுல இருந்து முடிய விட மெல்லிசா சீவி, கண்ணாடி மேல ஒட்டி, மருந்து ஊத்துவோம். நாங்க தேடுற புரோட்டீன் இருக்கிற எடமெல்லாம் பழுப்பா மாறிரும். யாருக்கு அது நெறையா இருந்துச்சு, யாருக்குக் கம்மியா இருந்துச்சு, அவங்க எத்தன வருஷம் இருந்தாங்கன்னு ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாக்குறோம்" என்றாய். கண்ணாடியில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும், எல்லாம் முடிந்த பிறகு ஆராய்ச்சியை நடத்தும் உன் மேடத்திடம் கேட்டு அம்மாவுடையது எது என்று தெரிந்துகொள்வேன் என்றும் சொன்னாய். பிறகு, "அம்மாவோடதுல அது நெறையா இருந்துச்சுன்னா, நாம எப்பப் போயிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு ஆயிரும்லங்கப்பா?" என்று கேட்டாய். நான் ம்ம் என்று சொல்லி, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்தேன். குக்கரும் இல்லை, விசிலும் இல்லை. நீ கேட்டது ஆராய்ச்சிக் கேள்வி இல்லை என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கண்ணாடித் துண்டு உனக்கு மன்னிப்புத் தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்.

அளவு எடுக்கும் வேலையில் நானும் காலம் தள்ளியவன், அதனால் ஒன்று சொல்கிறேன். நீ அஞ்சாவது படிக்கும்போது ஒரு வறட்சி வந்தது, ஞாபகம் இருக்குமோ என்னவோ. அப்போது மேற்குத் தெரு முனியம்மாள் கொண்டுவந்த பாலில் லாக்டோமீட்டர் விட்டுப் பார்த்தேன், டிகிரி ரொம்பக் குறைவு. இருபது பேர் நிற்கிற வரிசையில் வைத்து, "தண்ணி ஊத்தியிருக்கே, எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். "எம்புள்ள மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலீங்க" என்று அழுதாள். நான் மீட்டரைக் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வூட்டு மாட்ட ஒருக்கா போய்ப் பாத்தீங்களா? எலும்ப எண்ணிரலாம். காஞ்ச சோளத்தட்டத் தவிர வாயில ஒண்ணும் படல. பாலு எப்புடிங்க கெட்டியா வரும்?" என்றாள். போய்ப் பார்த்தேன், அவள் சொன்னது நிஜம். மீட்டர் பொய் சொல்லவில்லை. மீட்டர் பாலைப் பற்றிச் சொன்னதை நான் முனியம்மாளைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். உன் பழுப்பு நிறமும் அப்படித்தான். நூறு பேரை நிறுத்தினால் அதில் பலர் எப்படிப் போவார்கள் என்று சொல்லும். உன் அம்மா ஒருத்தி பிழைத்திருப்பாளா மாட்டாளா என்று அதற்குத் தெரியாது, இது என்னை விட உனக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் முனியம்மாளின் பாலை வாங்கிக்கொண்டேனே தவிர, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் ஊமையாகிவிடுவது எனக்கு அப்போதிருந்தே உண்டு.

இப்போது அந்தத் தைப்பொங்கலுக்கு வருகிறேன். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்து வந்திருந்தாய். ஒரு பக்கக் காது அடைத்த மாதிரியே இருக்கிறது என்று அம்மா சொன்னாள். "அழுக்கா இருக்கும்மா, நான் சொல்றது கேக்காத மாதிரி நடிக்கத்தானே பாக்கறே" என்று கிண்டல் செய்துவிட்டு, கடைத்தெருவில் சொட்டு மருந்து வாங்கி வந்து, மடியில் தலையைச் சாய்த்து வைத்து ஊற்றினாய். அவ்வளவுதான் நீ செய்தது. பிறகு ஊருக்குப் போய்விட்டாய், புராஜெக்ட், பரீட்சை என்று ஆடி வரை வரவில்லை. நீ போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அதனால் நடுவில் வேறு அறிகுறியே இல்லை, நீ தட்டிவிட்ட அந்தக் காது ஒன்றுதான் என்று நம்பிவிட்டாய்.

மாசியில் காலையில் காறித் துப்பினால் சளியில் ரத்தக் கோடு வந்தது. காதுக்குக் கீழே கழுத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று உருண்டது. தர்மபுரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். உன் அம்மா வெளியே செருப்பு மாட்டப் போனபோது என்னை மட்டும் நிறுத்தி, "மூக்குக்குப் பின்னாடி எனக்குச் சந்தேகமா இருக்குங்க. தள்ளிப் போடாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டியூப் விட்டுப் பாத்து, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிருங்க" என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் அவள், "என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள். "சளிதான். நெறி கட்டியிருக்கு, தானா வடிஞ்சிரும்" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. வேர்க்கடலை வாங்கச் சொல்லி, பஸ் பொம்மிடி வருகிறவரை கொறித்துக்கொண்டே வந்தாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். சொசைட்டியில் என்னோடு பால் அளந்துகொண்டிருந்தவருக்குக் கழுத்தில் கட்டி வந்து, சதை எடுத்துப் பார்த்த இரண்டாவது மாதம் போய்ச் சேர்ந்தார். கத்தி பட்டதால்தான் பரவிவிட்டது, தொடாமல் விட்டிருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார் என்று ஊரே பேசியது. நானும் பேசினேன். முற்றிய பிறகு போனதால் செத்தார், கத்தியால் இல்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குச் சதை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதுமே எனக்கு அவருடைய பாடைதான் கண்முன் வந்தது. அவள் மேல் கத்தி படாமல் இருந்தால் அவள் இருப்பாள் என்று நம்பினேன். மீட்டர் இல்லாமல் ஒரு சொட்டுப் பாலை நம்பாதவன் இதை நம்பினேன். பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொல்வதற்கு நீ தயங்க வேண்டியதில்லை.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பங்குனியில் வீக்கம் வெளியே தெரிய ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இது பொன்னுக்கு வீங்கிம்மா. கழுத்துல தங்கத்தப் போட்டுக்க, எறங்கிரும்" என்றாள். சின்னப் பிள்ளைகளுக்குத் தாடை வீங்கினால் நம் பக்கம் சங்கிலி போட்டுவிடுவார்களே, அது. நாற்பத்தாறு வயதுப் பொம்பளைக்கு, ஒரு பக்கம் மட்டும், கல்லாக வீங்குவது அது இல்லை என்று எனக்குத் தெரியும், பாப்பா. டாக்டர் சீட்டு என்னிடம் இருந்தது. ஆனாலும் அந்த அக்கா அப்படிச் சொன்னபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. உன் கல்யாணத்துக்கென்று செய்து வைத்திருந்த சங்கிலியை பீரோவிலிருந்து எடுத்து, என் கையாலேயே அவளுக்குக் கொக்கி மாட்டிவிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே போட்டுக்கொண்டாள். ஒருநாள் வீடியோ காலில் நீ கூட, "என்னம்மா, புதுசா நகையெல்லாம்?" என்று கேட்டாய். "உங்கப்பனுக்கு வயசு திரும்புதுடி" என்று சொல்லிச் சிரித்தாள், முந்தானையை இழுத்துக் கழுத்தை மறைத்தபடி. நான் போனுக்குப் பின்னால் நின்று நானும் சிரித்தேன்.

ஆடிப்பெருக்குக்கு வந்தாய். ஒகேனக்கல் போக மூன்று பேரும் கிளம்பி நின்றபோது, தலை பின்னிவிடுகிறேன் என்று அம்மாவின் கூந்தலைத் தூக்கினாய். உன் கை நின்றது. "என்னம்மா இது, கல்லு மாதிரி இருக்கு?" என்றாய். யார் சொல்லியும் கேட்காமல் மறுநாளே சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனாய். அந்த ஒரு நாளில் நீ செய்ததை நான் ஐந்தரை மாதம் செய்யவில்லை. அங்கே அந்த டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை நாளா இந்த வீக்கம் இருக்கு?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள், "ஒரு இருபது நாளுங்க" என்று நான் சொன்னேன். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் நாளைக் குறைத்துத்தான் சொல்வோம். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று திட்டுவார்களே என்ற பயம். எனக்கு டாக்டரம்மா திட்டுவதைப் பற்றிக் கவலை இல்லை, பக்கத்தில் நீ நின்றாய். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, மடியில் இருந்த பையின் வாரைச் சரி செய்துகொண்டாள். டாக்டரம்மா அதைக் கம்ப்யூட்டரில் அடித்து முடித்துவிட்டார்.

சிகிச்சை நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். கதிர் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அச்செடுத்து அந்தப் பிளாஸ்டிக் வலையை மாட்டி, மேசையோடு சேர்த்து முடுக்கும்போதெல்லாம் என் விரலைத் தேடுவாளாம், உள்ளே என்னை விடமாட்டார்கள். எச்சில் வற்றிப்போய், களி தின்றே வளர்ந்தவள் கூழைக்கூடத் தண்ணீர் ஊற்றி ஊற்றி விழுங்கினாள். உனக்குத் தெரியாதது ஒன்று. கதிர் வைக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, நீ மாத்திரை வாங்கப் போயிருந்தாய், அவள் என்னிடம், "அந்தச் சீட்ட நா பாத்தேங்க" என்றாள்.

"எந்தச் சீட்டு?"

"நடிக்காதீங்க. சட்டையத் தொவைக்க எடுத்தப்ப பாத்தேன். இங்கிலீசுல கிறுக்கியிருந்தாரு, ஒண்ணும் வெளங்கல. கடைசியா அர்ஜென்ட்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தாரு. அத மட்டும் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். மடிச்சு மறுபடியும் பையிலயே வெச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"நீங்க சொல்லாத வரைக்கும் ஒண்ணுமில்லன்னு இருந்துக்கலாம்னு தோணுச்சு. எனக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு."

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதேன். அவள் அழவில்லை. "பாப்பா காதுக்கு மருந்து ஊத்துனத நெனச்சு நெனச்சு அழுவுறா. நா பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன். அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நா சொன்னா உங்கள வெறுத்துருவா. நீங்களே சொன்னா என்னைக்காவது மனசு எறங்குவா" என்றாள். சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். ஒவ்வொரு தடவை நீ வந்து போகும்போதும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். இடுப்பெலும்புக்கும் ஈரலுக்கும் பரவி, கார்த்திகையில் போய்விட்டாள்.

அன்று அவள் காலைக் கட்டிக்கொண்டு நீ, "நான்தாம்மா உன்னைக் கொன்னுட்டேன், அழுக்குன்னு சொல்லிட்டேனே" என்று கத்தியதை அங்கே இருந்த எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். காரியம் முடிந்து சொல்லியிருக்கலாம். வந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த நோயைத்தான் ஆராய்வேன், அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்வேன் என்று நீ நின்றபோதாவது சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர்கள் என்னிடம், "அம்மாவுக்காகவே படிக்குதே, பொண்ணுன்னா இப்புடி இருக்கணும்" என்று சொல்லும்போது தலையாட்டிப் பெருமையை வாங்கிக்கொண்டேன். நீ செய்யாத குற்றத்துக்கு நீ தண்டனை அனுபவிப்பதைத்தான் அவர்கள் மெச்சினார்கள். உன் அப்பன் அதைப் பார்த்துக்கொண்டு மூன்று வருடம் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறான்.

இனி சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இது நம் வீட்டோடு நிற்கவில்லை. இருபது நாளிலேயே வந்தும் அந்தப் பெண் இரண்டு வருடம் தாங்கவில்லை என்று உங்கள் ஆராய்ச்சியில் ஏறும். பழி அந்தப் புரோட்டீன் மேல் விழும். நாளைக்கு வேறு யாருக்கோ அதே பழுப்பு நிறம் தெரிந்தால், சீக்கிரம் வந்தும் பயன் இல்லை என்று யாராவது நினைத்துவிடலாம். ஒரு சாம்பிள் தவறாக ஏறினால் மொத்தக் கேனையும் தவறாகப் படிப்போம் என்று புதிதாக வந்த பையன்களுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். உன் அம்மாவைப் பற்றிய அந்த ஒரு வரி சரியாக இருக்க வேண்டும். காது அடைப்பு தையில். வீக்கம் மாசியில். டாக்டர் எச்சரித்ததும் மாசியில். ஆஸ்பத்திரி ஆடியில். இருபது நாளை அடித்து, மேலே ஐந்தரை மாதம் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாமதத்துக்குக் காரணம் என்று உங்கள் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் 'கணவர்' என்று எழுதியிருக்கிறேன்.

தைப்பொங்கலன்று காது அடைப்பைக் கேட்டு உலகத்தில் எந்த மகளும் சொட்டு மருந்துதான் ஊற்றியிருப்பாள். சரியாகத்தான் நடந்துகொண்டாய். ஆடியிலும் சரியாகத்தான் நடந்துகொண்டாய். நடுவில் இருந்த மாதங்கள் என்னுடையவை. அந்தப் புரோட்டீன் நிறைய இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அதை வைத்து உன்னை விடுவிக்க வேண்டிய அவசியம் இல்லை, உன்னை யாரும் கட்டிப்போடவே இல்லை. என்னை விடுவிக்கவும் அதைப் பார்க்காதே. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒருவன் வந்து, அவனுக்கு ஏதாவது ஆகும் என்று நீ பயந்தால், பயமாக இருக்கிறது என்று அன்றைக்கே அவனிடம் வாய்விட்டுச் சொல். நானும் உன் அம்மாவும் ஒரே வீட்டுக்குள், ஒரே சீட்டை வைத்துக்கொண்டு, தனித்தனியாகப் பயந்தோம். சேர்ந்து பயந்திருந்தால் பஸ் ஏறியிருப்போம்.

படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது, பதிவை மாற்ற யாராவது நேரில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். வருகிற திங்கள் விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை காலை பொம்மிடியில் வண்டி ஏறுகிறேன், இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உனக்குக் கிடைத்துவிடும். அந்த டாக்டரம்மா இருந்தால் அவரிடம் சொல்கிறேன், இல்லையென்றால் உன் மேடத்திடம் சொல்கிறேன். நீயும் அந்த அறையில் இருந்தால் உன் முன்னால் சொல்கிறேன். இருக்கப் பிடிக்கவில்லையென்றால் இருக்க வேண்டாம், அதற்காக நான் எதுவும் நினைக்க மாட்டேன். ஸ்டேஷனுக்கும் வர வேண்டாம். எனக்கு வழி தெரியும், உன் அம்மாவைத் தாமதமாகக் கூட்டிக்கொண்டு வந்த வழிதானே.

அப்பா